கழுத்துப் பொத்தான்

காலை வெயில் தையல் கடையின் கண்ணாடிக் கதவு வழியாக வந்து, தரையில் மண்டியிட்டிருக்கும் கட்டட மேஸ்திரியின் அகன்ற முதுகில் விழுகிறது. அவர் ஒரு குரல் கொடுத்தால் சாரத்தில் நிற்கும் நாற்பது பேரும் அப்படியே நின்றுவிடுவார்கள். இப்போது மூச்சைக்கூட மெல்ல விடுகிறார். எதிரே முக்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒல்லியான டெய்லர், எட்டு வருடமாக அவரோடு ஒரே வீட்டில் துணையாக வாழ்பவர், சட்டையைக் கழற்றவிடாமலே கழுத்துப் பொத்தானைத் தைக்கிறார். தொண்டைக்குழியை உரசாமல் ஊசி போய் வருகிறது. "நான் சொல்ற வரைக்கும் அசையக் கூடாது." "சரிங்க." அந்த 'ங்க' வெளியில் எந்த முதலாளிக்கும் கிடைத்ததில்லை, மேஸ்திரி தானாக விரும்பி இவருக்கு மட்டும் கொடுப்பது. திடீரென்று கதவு திறக்கிறது. "அண்ணே, கான்கிரீட் வண்டி வந்து..." என்று ஆரம்பித்த கம்பி கட்டுபவர் மண்டியிட்ட மேஸ்திரியைப் பார்த்து வாசலிலேயே நிற்கிறார். டெய்லர் ஊசியை நிறுத்துகிறார். "வேணும்னா எந்திரிச்சுக்கோ" என்று காதோரம் சொல்கிறார். மேஸ்திரி எழவில்லை. சாரத்தின் உச்சி வரைக்கும் கேட்கும் அதே குரலில், "இவர் என் வீட்டுக்காரர். இவர் விட்டதும் வரேன். போய் எல்லார்கிட்டயும் சொல்லு" என்கிறார். கம்பி கட்டுபவர் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து, டெய்லரைப் பார்த்து, "வரேன் சார்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சத்தமில்லாமல் சாத்துகிறார். பொத்தான் எப்போதோ இறுகிவிட்டது. இருந்தும் டெய்லர் நிதானமாக இன்னொரு தையல் போடுகிறார். மேஸ்திரி மோவாயை இன்னும் கொஞ்சம் உயர்த்திக் கொடுக்கிறார்.