தொட்டியின் தெற்குப் பக்கம்

றவூப் மட்டம் பார்க்காமல் எதையும் வைக்கமாட்டான். சாய்ந்தமருதில் மனைவி ஸுஹைறாவின் சீதன வீட்டுக்கு மீன் தொட்டி வாங்கியதும், பாரம் தாங்கும் இரும்பு ஸ்டாண்டைத் தானே செய்தான். ரசமட்டத்தில் குமிழி நடுவில் நின்ற பிறகுதான், அடியில் மெத்தென்ற வெள்ளை ரெஜிபோம் அட்டை விரித்துத் தொட்டியை ஏற்றினான்.

"இனி ஒரு நூலும் சரியாது புள்ள."

ஸ்டாண்ட் சரியவில்லை. தண்ணீர்தான் சாய்ந்தது. அவன் வடக்கே மருதமுனைத் தறிச்சாலைக்கு வேலைக்குப் போனால், தண்ணீர் தொட்டியின் வடக்குப் பக்கம் ஏறி நிற்கும். அவன் வீட்டை நெருங்க நெருங்கச் சாய்வு குறையும். அதைப் பார்த்துத்தான் ஸுஹைறா கேத்தலை அடுப்பில் வைப்பாள். வாசலில் அவன் செருப்பைக் கழற்றும்போது தண்ணீர் மட்டமாகிவிடும். அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு நாள் தண்ணீர் தெற்கே சாய்ந்திருந்தது. போன் எடுத்தாள்.

"எங்க நிக்கிறீங்க?"

"தறிச்சாலையிலதான்."

அந்திக்கு அவன் வந்ததும் கேட்டாள். "தெற்கால ஆர் இருக்கா?"

அவன் முகம் வெளிறியது.

"நிந்தவூரில ஒருத்தி இருக்கா. வல்லாஹி, இனி அங்க போகமாட்டன் புள்ள," என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

ஸுஹைறா அவன் தோளுக்கு மேலால் பார்த்தாள். செருப்பு வாசலில் கிடந்தது. ஸ்டாண்ட் அசையவில்லை. தண்ணீர் தெற்குக் கண்ணாடியில் ஏறி நின்றது. வடக்கு மூலையில் கூழாங்கல் காய்ந்து கிடந்தது.