பெல்ட் மாட்டிய டிராக்டர்

பழசாக வாங்கிய மினி டிராக்டருக்கு மெக்கானிக் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி முடித்தார். மாமனார், மாமியாரோடு வந்திருந்த மருமகள், "சீட்டுக்கு பெல்ட்டும், கவிழ்ந்தா ஆளை நசுக்காத மாதிரி ஒரு இரும்பு வளைவும் மாட்டிடுங்கண்ணே" என்றாள்.

"இத்தனூண்டு வண்டிக்கு எதுக்கும்மா?"

"முந்தின வண்டிய மேட்டுல ஏத்திக் கவிழ்த்துட்டாங்க. எவ்வளவு சொன்னாலும் வேகத்தைக் குறைக்க மாட்டாங்க."

மெக்கானிக் திரும்பிப் பார்த்தார். வாசலில் மாமனார் கையில் மாவுக்கட்டோடு நின்றிருந்தார். எல்லாம் மாட்டி முடித்ததும் அவரிடம் போய், "இனிமேலாவது நிதானமா ஓட்டுங்க பெரியவரே" என்றார்.

"நான் எங்கப்பா ஓட்டினேன்? மட்கார்டுல சிவனேன்னு உட்கார்ந்திருந்தேன்."

அதற்குள் மாமியார் சீட்டில் ஏறி, பெல்ட்டை இழுத்து மாட்டி, வண்டியைக் கிளப்பியிருந்தார்.

"ஏறுறீங்களா, இல்லையா?"

"நீ முன்னால போ" என்று சொல்லிவிட்டு, மாமனார் நடக்க ஆரம்பித்தார்.