சாக்ஸ் நோவா

நோவாவின் வாய் திறந்தது. சத்தம்தான் வரவில்லை.

சாம்பல் நிற சாக்ஸில் பஞ்சுத் தாடி ஒட்டிய நோவா அது. உள்ளே இருந்த கை தையல்காரியுடையது. அது நடுங்கிய நடுக்கத்தில், மழை பிடிக்கும் முன்பே பேழை கவிழ்ந்துவிடும் போலிருந்தது. எதிரே கூடத்துப் பாயில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஊரில் அவள் பிளவுஸ் தைக்கிறவள். நாள் முழுக்க மெஷினோடுதான் பேச்சு. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு வேதக் கதை சொல்லும் ஊழியத்துக்குச் சபையிலிருந்து கிளம்பிய குழுவுக்குப் பொம்மைகள் தைத்துக் கொடுத்தாள், அவ்வளவுதான் அவள் செய்த தப்பு. தைத்தவளே கதையும் சொல்லட்டும் என்று, குழுத் தலைவியான அவளுடைய அத்தை அவளையும் விமானத்தில் ஏற்றிவிட்டார்.

வந்து இறங்கியபோதே அந்த ஊர் சபையின் ஞாயிறு பள்ளி டீச்சர், கழுத்தில் விசில் ஆட, "ஒண்ணும் கவலைப்படாதீங்க, எங்க பிள்ளைங்க பாத்துக்குவாங்க" என்று அவளை வரவேற்றிருந்தார். பிள்ளைகளும் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். பாஷை புரியவில்லை என்று தப்பிக்கவும் வழியில்லை.

முதல் நாள் நோவா ஊமையாகவே பைக்குள் திரும்பினார். அத்தை திட்டவில்லை. கடைசி நாள் பெற்றோர் எல்லாரும் வருவார்கள், அதற்குள் வாய் திறக்காவிட்டால் பொம்மைகளை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு சமையற்கட்டில் வெங்காயம் உரிக்கப் போகலாம் என்று மட்டும் சொன்னார். தான் கண் வலிக்கத் தைத்த நோவா இன்னொருத்தி கையில் பேசுவதை தையல்காரியால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

கூடத்துக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய் அருகே போய் உட்கார்ந்தாள். இரட்டைச் சடை போட்ட ஒரு பொடிசு வந்து நின்றது.

"இந்தத் தாத்தா யாருக்கா?"

"நோவா."

"நோவான்னா?"

தையல்காரி நிமிர்ந்து பார்த்தாள். நோவாவையே தெரியாத பிள்ளை! கடல் தாண்டி வந்தது வீண்போகவில்லை. ஒரே ஒரு பிள்ளைதானே என்று, பெருவெள்ளத்துக்குத் தப்ப மிருகங்களையெல்லாம் பேழை என்ற பெரிய மரக்கப்பலில் ஏற்றிக்கொண்டவரின் கதையை முணுமுணுப்பாக ஆரம்பித்தாள். மழை கொட்டும் இடத்தில் குரல் தானாகவே கொஞ்சம் உயர்ந்தது. சடைக்காரி வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள்.

மறுநாள் பார்த்தால், பாவம், எல்லாம் மறந்து போயிருந்தாள். முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். கூடவே இரண்டு தோழிகளை இழுத்து வந்திருந்தாள். அதற்கடுத்த நாளும் மறந்துவிட்டாளாம். இப்போது ஆறேழு பேர் கூட்டம், அதிலும் பின்னால் இருக்கிறவர்களுக்குக் கேட்கவில்லை என்று சடைக்காரியிடமிருந்து புகார் வேறு. தையல்காரி கத்திச் சொன்னாள். யானை பிளிறியது. ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் குரங்கு சறுக்கு விளையாடியது. நோவாவின் மனைவி பேழைக்குள் மூக்கைப் பொத்திக்கொண்டு புலம்பித் தீர்த்தாள். மழை நின்றதும், போன இரண்டு தடவை போலவே, தரை தெரிகிறதா என்று பார்த்துவரத் தையல்காரி புறாவைப் பறக்கவிட்டாள்.

"முதல்ல காகம்தானே போச்சு?" என்ற சடைக்காரி, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வேதத்தில் அப்படித்தான் இருக்கிறது. காகப் பொம்மை தைக்காததால் தையல்காரிதான் அந்த இடத்தை விழுங்கிவிட்டிருந்தாள். ஆனால் தான் சொல்லாத காகம் பிள்ளைக்கு எப்படித் தெரிந்தது என்று யோசிக்க அவளுக்கு எங்கே நேரம்? மறதிக்காரப் பிள்ளை கேள்வியெல்லாம் கேட்கிறதே என்று சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே ஒரு கறுப்பு சாக்ஸைக் காகமாக்கிவிட்டாள். சாக்ஸ் அத்தையுடையது.

கடைசி நாள் கூடம் நிரம்பி வழிந்தது. இடம் கிடைக்காத அப்பாக்கள் ஜன்னலில் தொங்கினார்கள். தையல்காரி வெளியே ஓட வழி தேடினாள். முன்வரிசையில் இரட்டைச் சடை தெரிந்ததும், அவளுக்கு மட்டும் சொல்வதுபோல் ஆரம்பித்தாள்.

பிறகு நடந்ததை யாராலும் அடக்க முடியவில்லை. பெருமழைக்கு வாளித் தண்ணீரை அள்ளித் தெளித்தாள், பிள்ளைகள் இன்னும் இன்னும் என்று கூச்சலிட்டார்கள். நோவாவின் தாடி பிய்ந்து ஓர் அப்பாவின் வழுக்கையில் போய் உட்கார்ந்தது. காகம் கூடத்தைச் சுற்றிவிட்டு அத்தையின் தலையில் இறங்கியது. விசில் டீச்சர் சிரிப்பை அடக்க முடியாமல் விசிலையே ஊதிவிட்டார். அத்தை ஒற்றைக் காலில் மட்டும் சாக்ஸ் போட்டுக்கொண்டு, சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வெங்காயம் எதுவும் இல்லை.

பஸ் ஏறும்போது தையல்காரி நோவாவைச் சடைக்காரியின் கையில் மாட்டிவிட்டாள். 

"நான் போயிட்டா உனக்கு யாரும்மா கதை சொல்லுவா?"

சடைக்காரி நோவாவை வைத்தே அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். அழக்கூடாது என்று கண்டித்து, தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டி, குடிக்கிறாளா என்று நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள். எப்பேர்ப்பட்ட பிள்ளை! தையல்காரி விசும்பிக்கொண்டே ஜன்னலோரம் உட்கார்ந்து, கடைசியாக ஒரு தடவை பார்ப்பதற்காக எட்டிப் பார்த்தாள்.

ஜன்னலுக்கு நேர் கீழே, சடைக்காரி விசில் டீச்சரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், நீங்க எனக்குக் குடுத்த அக்காவுக்குப் பயம் தெளிஞ்சிருச்சு. அடுத்த குழுவுல இவங்களைவிடப் பயந்தவங்களாப் பாத்துக் குடுங்க."