வாசலுக்குத் தெரியும்

என் கணவர் டெல்மரின் இடது தொடையில், வியட்நாம் போரில் பாய்ந்த இரும்புத் துண்டு ஒன்று கடைசிவரை இருந்தது. காயம்பட்ட வீரர்களுக்குரிய பர்ப்பிள் ஹார்ட் பதக்கத்தைக் கேட்டு, ராணுவ அலுவலகத்துக்கு நடையாய் நடந்தோம். அங்கே வாசலில் இருந்த மெட்டல் டிடெக்டர் அவர் நுழைந்தாலே அலறும்.

"இன்னைக்கும் அந்த இரும்பைக் கழட்டி வீட்டுல வச்சிட்டு வரலையா, டெல்மர்?" என்று சிரிப்பான் காவலாளி லைல்.

மாடியில் இருந்த அதிகாரியோ, "நீங்க காயம்பட்டதுக்கு ஆதாரமே இல்லையே, சார்" என்பார்.

"கீழ போய் உங்க வாசலைக் கேளுய்யா!" என்று டெல்மர் கத்துவார்.

ஜனவரியில் அவர் இறந்தார். பனியில் மண் தோண்ட முடியாதபடி உறைந்து கிடந்ததால் ஏப்ரலில்தான் புதைக்க முடிந்தது. மறுநாளே நான் தனியாகக் கிளம்பிப் போனேன். செத்தவனுக்கும் மரியாதை பாக்கி இருக்கிறதல்லவா?

கைப்பையையும் மோதிரத்தையும் தட்டில் வைத்துவிட்டு நுழைந்தேன். சத்தமே இல்லை. லிஃப்ட் பொத்தானை அமுக்கும்போது, எனக்குப் பின்னால் ஆளில்லாத வாசல் அலறியது.

"போங்க, டெல்மர்" என்றான் லைல், பழக்கத்தில். பிறகுதான் நிமிர்ந்து பார்த்தான்.

லிஃப்ட் திறந்தது. கதவு மூடாதபடி கையால் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் மெதுவாகத்தான் நடப்பார்.

"வாங்க" என்றேன். "இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடலாம்."