மெற்றில்டா வீட்டு வளைவு

தீவில் சிப்பி கொட்டிப் போட்ட பழைய சாலை படகுத்துறை வரை நேராகப் போகும். மெற்றில்டாவின் வீட்டருகே மட்டும் வளையும். அதை நேராக்க வந்த பொறியாளர் சிரித்தார். "மரமில்ல, கிணறில்ல. எந்தக் கிறுக்கன்மா இங்க வளைச்சான்?"

"எங்க வீட்டுக்காரருதான். ஊர்க்காரக குடும்பத்துக்கு ஒரு துண்டுன்னு பிரிச்சு ரோடு போட்டாக. இது அவரு பங்கு. அப்ப என்னையப் பொண்ணு கேக்கக்கூட இல்ல. நான் பொறந்த இந்த வீட்டு வாசல் வழியாத்தான் கடலுக்குப் போகணும்னு வளைச்சுப்புட்டாரு." மெற்றில்டாவுக்கு வெட்கம் வந்தது. "நேராக்கிறாதீங்க சார். இருட்டுல கால் பழக்கத்துல வர்ற மனுசன், வீட்டைத் தாண்டிப் போயிருவாரு."

"எப்ப வருவாரு?"

"வலை நெறஞ்சா வந்துருவாரு."

பின்னால் நின்ற மகள், "அப்பா போனப்ப நான் தொட்டில்ல கெடந்தேன் சார்" என்று முணுமுணுத்தாள். அவளுக்கும் தலை நரைத்திருந்தது.

பொறியாளர் அளவுக் கயிற்றை இழுத்துப் பிடிக்கவும் முடியாமல், சுருட்டவும் முடியாமல் நின்றார்.