நாவுல ஏரியா

“‘மனசு வச்சு உழைப்பேன்’னு எழுதியிருக்கீங்க, சசிக்குமார். அதை எந்தத் தராசுல வச்சு நிறுக்கிறது?”

மாத்தளையில் ஒரு பிஸ்கட் கம்பனியின் கிளை. அதன் விற்பனை டீமுக்கு நுஸ்ரா மெனேஜர். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தலைமையகம் இலக்கு கேட்கும். இலக்கு அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று அவளைக் கொழும்புக்கு அழைத்து, இரண்டு நாள் பயிற்சியும் பகல் சாப்பாடும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அன்றிலிருந்து அந்த ஒபிஸில் மனசு, முயற்சி, ஆண்டவன் துணை எதுவும் செல்லாது. எண்ணிக்கை மட்டும்தான்.

சசிக்குமார் தலையைச் சொறிந்தார். மனசை வெட்டிவிட்டு ‘பதினைந்து புதுக் கடை’ என்று எழுதினார். பக்கத்தில் நிரஞ்சனி, தான் எழுதியிருந்த ‘நல்ல பெயர் எடுப்பேன்’ என்பதைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

அடுத்தது அன்ஸாப். நுஸ்ரா ஷாலைச் சரிசெய்துகொண்டாள்.

ஒன்பது மாதமாக அவன் ஒரே ஒரு விஷயத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான். அவனை, ரிஸ்வி சேரின் டீம் பார்க்கும் நாவுல என்ற ஊர்ப்பக்க ஏரியாவுக்கு விட வேண்டும். அங்கே வெயில் கொளுத்தும். கடைகள் எட்ட எட்ட இருக்கும். சொக்லட் பிஸ்கட் லொறியிலேயே உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். யாரும் வாய் திறந்து கேட்காத ஏரியா.

“அந்த வெயிலுக்கு ஆசைப்படுறவன் ஒண்ணு பைத்தியமா இருக்கணும், இல்லாட்டி மாப்பிள்ளையா இருக்கணும்” என்று நிரஞ்சனி அடித்துச் சொன்னாள். அங்கே யாரோ ஒருத்தி இருக்கிறாள் என்பது அவள் கட்சி.

நுஸ்ராவும் அப்படித்தான் நினைத்தாள். அதனால்தான் விடவில்லை. காலை மீட்டிங்கில் அவன் எதிரே உட்கார்ந்து, ஹெல்மட்டை மடியில் வைத்துக்கொண்டு, “சரி மிஸ்” என்று சொல்லும் அந்தக் கொஞ்ச நேரத்துக்காக அவள் வீட்டில் நான்கு ஷால் மாற்றிப் பார்த்துவிட்டு வருவாள். மழையில் அவன் வரப் பிந்தினால் மீட்டிங் முடியாது. சசிக்குமார் அன்று தன் கணக்கை இரண்டு தடவை ஒப்புவிக்க வேண்டியிருக்கும். அளக்கக்கூடிய இலக்கு அவளுக்கும் ஒன்று இருந்தது. இன்னும் ஒரு மூன்று மாதம். அதைக் கொழும்புக்கு அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

முதல் தடவை அவன் கேட்டபோது, இருபது புதுக் கடை பிடித்தால் நாவுல பற்றிப் பேசலாம் என்றாள். பிடித்தான். அடுத்த தடவை, காலாவதியாகித் திரும்பி வரும் பெட்டிகளைப் பாதியாகக் குறைக்கச் சொன்னாள். குறைத்தான். கெட்டிக்காரனை விரும்பித் தொலைத்தால் இதுதான் தொல்லை. மூன்றாம் தடவை, யாராலும் முடியாததைக் கொடுத்தாள்: உக்குவளை இத்ரூஸ் ஹாஜியார்.

ஹாஜியார் மொத்த வியாபாரி. இந்தக் கம்பனி பிஸ்கட் ஒரு பெக்கட்கூட அவர் கடைக்குள் நுழைந்ததில்லை. போன விற்பனை ரெப்மார் எல்லாரும் அவர் கொடுத்த பிளேன்டீயைக் குடித்துவிட்டுத் திரும்பியவர்கள். கிழமைக்கு மூன்று நாள் அங்கே போய் உட்கார வேண்டும் என்று நுஸ்ரா கட்டளை வேறு போட்டாள்.

போன கிழமை ஹாஜியார் கடைக்கு ஒரு லொறி நிறைய பிஸ்கட் போனது.

இனி அவனைப் பிடித்து வைக்க அவளிடம் இலக்கு எதுவும் மிச்சமில்லை. மற்றவர்களை அனுப்பிவிட்டு அவனை இருக்கச் சொன்னாள்.

“வாக்குக் கொடுத்தேன். நாவுல ஏரியா உங்களுக்குத்தான். வாற மாசத்துல இருந்து போகலாம்.” குரல் நல்லவேளையாக மீட்டிங் குரலாகவே வந்தது.

அன்ஸாப் ஹெல்மட் பட்டியைத் திருகினான். “இப்ப அது வேணாம் மிஸ். நான் இங்கேயே இருந்துக்கிறேன்.”

ஒன்பது மாதமாக ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டது, ஒரு நொடியில் மேசைக்கு வந்து விழுந்தது. ஏன் என்று கேட்க வேண்டியவள், “நல்லது, நல்லது” என்றாள். வெள்ளைப் பலகையில் அவன் பெயருக்கு நேரே ‘மாத்தளை’ என்று எழுதினாள். எழுத்து கொஞ்சம் பெரிதாகத்தான் விழுந்தது.

“அப்ப நாவுலயில இருக்கிற ஆள் கோவிக்க மாட்டாங்களா?” இனி இதைச் சிரித்துக்கொண்டே கேட்கலாம். ஜெயித்தவள்தானே.

“எந்த ஆள்?”

“உங்களுக்கு அங்க ஒருத்தி இருக்கான்னு நிரஞ்சனி சொல்றா.”

“அங்க எனக்கு ஒரு மாமிகூட இல்ல மிஸ்.” அவனும் சிரித்தான். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான். ஹாஜியார் பிஸ்கட்டோடு நிற்கவில்லை. கிழமைக்கு மூன்று நாள் வந்து பொறுமையாக உட்கார்ந்த பையனை அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. தன் மகள் மஸீனாவுக்காக வீட்டுக்கே ஆள் அனுப்பிப் பேசியிருக்கிறார். அவன் உம்மாவும் சரி சொல்லிவிட்டார். ஹஜ் பெருநாள் கழிந்து நிக்காஹ்.

“எல்லாம் நீங்க தந்த டார்கட்டால வந்தது மிஸ்.”

நுஸ்ரா மார்க்கர் பேனையை மூடினாள். கைக்கு வேறு வேலை இல்லாததால், கழற்றி மறுபடியும் மூடினாள்.

“மாஷா அல்லாஹ்” என்றாள். “அப்ப இவ்வளவு நாளும் எதுக்கு நாவுல, நாவுலன்னு என் உயிரை எடுத்தீங்க?”

அன்ஸாப் எழுந்து கதவுவரை போய் நின்றான்.

“இனிச் சொன்னா என்ன. அது ரிஸ்வி சேர்ட டீம். உங்களுக்குக் கீழ வேலை செஞ்சுக்கிட்டே, உங்க வூட்டுக்குப் பொண்ணு கேட்டு உம்மாவ எப்படி மிஸ் அனுப்புறது?”