நத்தைக்கு ஒரு பிடி உப்பு

பூச்சியும் பிராணியும் சுமோ மல்யுத்தம் பழகிக்கொண்டிருந்த ஒரு தேசத்திலே, கீழ்ப்பிரிவிலேயே கிடந்து கிழடாகிப்போன நத்தை ஒன்று இருந்தது. மேல்பிரிவு மல்லர்கள் மட்டும்தான், சண்டைக்கு முன்னால் மேடை சுத்தமாகட்டும் என்று ஒரு பிடி உப்பை அள்ளி வீசலாம். கீழ்ப்பிரிவுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. செத்துப்போவதற்குள் ஒரு தடவையாவது உப்பு வீசிவிட வேண்டும் என்பது நத்தையின் ஆசை.

அன்றைக்கு எதிராளியை வட்டத்துக்கு வெளியே தள்ளி ஜெயிப்பவருக்கு மேல்பிரிவு. எதிரே ஓர் இளவட்ட நண்டு.

"அண்ணே, உப்பு பட்டா நீங்க கரைஞ்சு போயிருவீங்களே," என்றது நத்தைக்குக் கோவணம் கட்டிவிட்ட தவளை.

"முதல்ல மேல ஏறுவோம்டா. மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்."

ஊர்ந்து ஊர்ந்தே நண்டை வட்டத்தின் விளிம்புவரை தள்ளிவிட்டது நத்தை.

"இன்னும் ஒரு தள்ளுதான் பெருசு. என்ன யோசனை?" என்று நண்டே கேட்டது.

நத்தையின் கண் மேடையோரத்து உப்புக்கூடைக்குப் போனது. சட்டென்று ஓட்டுக்குள் சுருண்டு, உருண்டுபோய் வட்டத்துக்கு வெளியே விழுந்தது.

"வழுக்கிருச்சு," என்றது உள்ளேயிருந்தபடியே.

"போன வருசமும் இதே இடத்துலதானே அண்ணே வழுக்குச்சு," என்று ஓட்டைத் துடைத்துவிட்டது தவளை.

அடுத்த போட்டியில் நண்டு கொடுக்கு நிறைய உப்பை வீசியது. நத்தை வெகுதூரம் தள்ளி உட்கார்ந்து பார்த்தது.

"பயலுக்கு வீசவே தெரியலை. நீ போய்க் கொஞ்சம் மணல் அள்ளிட்டு வாடா, நான் பழகி வைக்கணும்."